சபையில் பேசிய சொல் எங்கே போகிறது?

(கிராம சபைக் கூட்டங்களை முன்நின்று நடத்தும் ஊராட்சிப் பிரதிநிதிகள், செயலர்கள், மகளிர் குழுப் பொறுப்பாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளாட்சி பற்றிப் பேச எழுந்தவர் யாரும் உத்திரமேரூரைத் தொடாமல் அமர்வதில்லை. நானும் தொடுகிறேன், ஆனால் வேறொரு காரணத்துக்காக. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர், குடத்தில் குலுக்கல், கணக்குக் காட்டாதவருக்குத் தடை. இவற்றை நாம் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். அதே கல்வெட்டு தகுதியையும் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர் ஊரான ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலத்தை உழுதவர் அதில் இல்லை. பெண் இல்லை.

ஆயிரம் ஆண்டு கழித்து, 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஒரே வரியில் அந்தத் தகுதிகளையெல்லாம் துடைத்துவிட்டது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா? நீங்கள் கிராம சபையின் உறுப்பினர். நிலம், படிப்பு, பிறப்பு எதுவும் கேட்கப்படாது. இதைவிட விரிந்த வாசல் நம் ஊர்களுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் வாசலைச் சட்டம் திறந்தது, ஊர் திறக்க மறுத்தது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996-இலிருந்து பத்தாண்டுகள் அங்கே தேர்தலை முறையாக நடத்தவே முடியவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சரே பாப்பாபட்டி கிராம சபைக்குப் போய் அமர்ந்ததற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. அதற்கு ஓராண்டுக்கு முன், 2020 அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியிலிருந்து ஒரு படம் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பலர் அதிர்ந்தார்கள். கூட்டங்களை அருகிலிருந்து பார்த்தவர்கள் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார்கள்.

நான் இன்று பேச வந்தது இந்தக் கொடுமைகளைப் பற்றி மட்டும் அல்ல. இவை நடக்காத ஊர்களைப் பற்றியும்தான். யாரும் யாரையும் தடுக்கவில்லை, எல்லோருக்கும் நாற்காலி போட்டாயிற்று, மைக்கும் தரப்படுகிறது. அப்படிப்பட்ட ஊரில் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற ஒரு பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள்: “என்னம்மா, கூட்டத்துல பேசினீங்களா?” “பேசினேன்.” “என்ன ஆச்சு?” “என்ன ஆகும்? பேசினேன், அவ்வளவுதான்.” இந்த “அவ்வளவுதான்” பற்றித்தான் என் உரை.

நம்முடைய கிராம சபைகளை ஆராய்ந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்லியாக வேண்டும். இரண்டும் ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகியோர் சேர்ந்து செய்தவை. தமிழ்நாட்டுக் கிராம சபைகளில் பேசப்பட்டதைச் சொல்லுக்குச் சொல் எழுதியெடுத்து ஆராய்ந்தவை. ஒன்று புதுவாழ்வுத் திட்டம் பற்றியது. உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த அந்தத் திட்டத்தில் மகளிர் குழுக்கள் கட்டப்பட்டன, பெண்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. அதன் பயனாகக் கிராம சபைக்கு வரும் பெண்கள் கூடினார்கள், பேசுகிறவர்கள் கூடினார்கள், அவர்கள் பேசிய நேரமும் கூடியது. எல்லாம் மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அவர்கள் எழுப்பிய பேச்சைச் சபை தொடர்ந்து பேசுவதோ, அலுவலர்கள் அதற்குப் பதில் சொல்வதோ கூடவில்லை. 

மற்றொன்று 2019-இல் ‘அமெரிக்கன் பொலிடிகல் சயின்ஸ் ரிவ்யூ’ இதழில் வந்தது. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளையும் ஒதுக்கப்படாதவற்றையும் அது ஒப்பிட்டது. பெண் தலைவர் இருப்பதால் பெண்கள் பேசுவது பெரிதாகக் கூடிவிடவில்லை. ஆனால் பேசியவர்களுக்குப் பொருத்தமான பதில் கிடைப்பது கூடியது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கீழே உட்கார்ந்திருப்பவருக்குப் பயிற்சி கொடுத்தால் குரல் வருகிறது. மேலே உட்கார்ந்திருப்பவர் மாறினால் பதில் வருகிறது. நாம் இத்தனை ஆண்டுகளாக ஏழைகளுக்கும் பெண்களுக்கும் “தைரியமாகப் பேசுங்கள்” என்று பயிற்சி கொடுத்துவந்திருக்கிறோம். பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு எத்தனை பயிற்சி கொடுத்தோம்? கூட்டத்தை நடத்துகிறவரின் முதல் வேலை பேசவைப்பது என்றே நமக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. என் கருத்தில் முதல் வேலை, பேசியதற்குப் பதிலை வாங்கிக் கொடுப்பது. பதில் நிச்சயம் என்று தெரிந்தால் மனிதர்கள் தாமாகவே பேசுவார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போவோம்.

கூட்டம் தொடங்குவது பதினொரு மணிக்கு அல்ல, அறிவிப்பில். ஊருக்குச் சேதி சொல்லத் தண்டோரா போடும் வழக்கம் வெகுநாள் இருந்தது. பறையை அடிக்க வேண்டியவர் யார் என்பதைச் சாதி தீர்மானித்தது. தன் சொல்லுக்கு இடமில்லாத கூட்டத்துக்கு மற்றவர்களை அழைக்கும் வேலை மட்டும் அவருக்கு. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, தண்டோராவை நிறுத்தச் சொன்னார். ஒலிபெருக்கி கட்டிய வண்டி போதும் என்றார். நல்லது. ஆனால் அந்த வண்டி எந்தத் தெருவரை போகிறது என்று பாருங்கள். தார்ச்சாலை முடிகிற இடத்தில் வண்டியும் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால்தான் பல ஊர்களில் காலனி இருக்கிறது, இருளர் குடியிருப்பு இருக்கிறது.

அடுத்தது இடம். மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் கிராம சபை நடத்தக்கூடாது என்று அரசு ஒவ்வொரு முறையும் அறிவுறுத்துகிறது. குக்கிராமங்களில் மாறி மாறி நடத்தச் சொல்கிறது. காரணம் வெளிப்படையானது. கோயில் மண்டபத்துக்குள் கால்வைக்கத் தயங்குகிறவர் அங்கே வாய் திறக்க மாட்டார். ஆனால் ஊர் நடுவில் இருக்கும் ஆலமரத்தடிக்கும் அந்தத் தயக்கம் உண்டு என்பதை நாம் கவனிப்பதில்லை. மரம் பொதுவாகத்தான் தெரியும். அதன் திண்ணையில் யார் யார் காலங்காலமாக உட்கார்ந்தார்கள், யார் யார் தள்ளி நின்றார்கள் என்பது அந்த ஊர்க்காரருக்குத் தெரியும். பள்ளிக்கூடம் நல்ல இடம். அதன் வகுப்பறையில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர்கள். காலனியில் ஒரு முறை நடத்திப் பாருங்கள். ஊர்த்தெருவிலிருந்து எத்தனை பேர் நடந்து வருகிறார்கள் என்பதே அந்த ஊரைப் பற்றி உங்களுக்கு நிறையச் சொல்லிவிடும்.

நேரத்தையும் சொல்ல வேண்டும். பகல் பதினொரு மணி என்பது அலுவலருக்கு வசதியான நேரம். கூலிக்குப் போகிறவருக்கு அரசு விடுமுறை கிடையாது. கிராம சபை கூடும் ஜனவரி 26 டெல்டாவில் சம்பா அறுவடைக் காலம், மே 1 உச்சி வெயில் காலம். வந்தவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் முன்னால் ஒரு மணி நேரம் சுற்றறிக்கை வாசித்துவிட்டு, “வேற ஏதாவது கேக்கணுமா?” என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டால், அவர் என்ன கேட்பார்?

இங்கே வரிசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேலிடத்திலிருந்து வரும் கூட்டப் பொருள்களின் பட்டியல் நீளமானது. குடிநீர், டெங்கு, பிளாஸ்டிக், திட்டங்களின் பயனாளிப் பட்டியல், வரவு செலவு. அவை தேவையற்றவை என்று நான் சொல்ல மாட்டேன். வரவு செலவை மக்கள் முன் வாசிப்பதே பெரிய காரியம். ஆனால் ஊர்க்காரர் கொண்டுவரும் பொருளைக் கடைசியில் வைத்தால் அது களைத்த சபையின் முன் போகிறது. முதல் அரைமணி நேரத்தை ஊருக்குக் கொடுங்கள். கூட்டத்தில் யார் முதலில் பேசுகிறாரோ அவர் பேசிய பொருளைச் சுற்றியே மற்றவர்கள் பேச்சும் போகும். எனவே முதல் பேச்சாளராக ஓய்வுபெற்ற ஆசிரியரையோ ஊர்ப் பெரியவரையோ அழைக்காதீர்கள். அவர்கள் எப்படியும் பேசுவார்கள். அவர்களுக்குப் பின்னால் பேச ஒருவர் எழுவது கடினம். அவர்களுக்கு முன்னால் பேசுவது அவ்வளவு கடினம் அல்ல.

நீங்கள் சபையில் ஒருவரை எப்படி அழைக்கிறீர்கள் என்பதைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். நிலம் உள்ள இருபது வயதுப் பையனை “சொல்லுங்க தம்பி” என்கிறோம். அறுபது வயது விவசாயக் கூலியை “ஏய் முனியா, நீ உக்காரு” என்கிறோம். மைக்கில் அது ஊர் முழுக்கக் கேட்கிறது. அதற்குப் பிறகு “இங்கே எல்லோரும் சமம்” என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். சபை நடக்கும் நேரமாவது எல்லோருக்கும் “நீங்க”, “அய்யா”, “அம்மா”. அலுவலரும் சரி, தலைவரும் சரி, இதில் விதிவிலக்கு வேண்டாம். “அவ சார்பா நான் சொல்றேன்” என்று எழுகிற கணவரிடமும் மரியாதையாகவே, ஆனால் உறுதியாக, “அம்மாவே சொல்லட்டும்ங்க” என்று சொல்ல முடியும். தலைவரின் கணவருக்கும் இது பொருந்தும். மேடையில் அவருக்கு நாற்காலி போடவே வேண்டாம்.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். பேசாமல் இருப்பவரைப் பார்த்தால் நமக்கு அவரைப் பேசவைக்கத் தோன்றுகிறது. கொஞ்சம் நில்லுங்கள். அவர் அறியாமையால் பேசாமல் இருக்கிறார் என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? பொதுக் குளத்தை ஆக்கிரமித்தவரின் வயலில்தான் அவருக்கு நாளைக்கு வேலை. ரேஷன் கடையில் எடை குறைவதைச் சொன்னால் அடுத்த மாதம் அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும். கந்துவட்டிக்குக் கடன் கொடுத்தவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அப்படிப்பட்டவரின் மௌனம் கணக்குப் போட்டு எடுத்த முடிவு. அவரை எழுப்பி மைக்கைக் கையில் கொடுப்பது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், அவரை ஆபத்தில் தள்ளுவதாகும். மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-இல் படுகொலை செய்யப்பட்டார். ஒதுக்கப்பட்ட பதவியில் போட்டியிட்டதும் வென்றதும்தான் அவர் செய்த குற்றம். ஊரில் எழுந்து நிற்பதற்கு என்ன விலை என்பது ஏழைகளுக்குத் தெரியும். நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்காக அவருடைய குறையை விட்டுவிடவும் முடியாது. வழி இருக்கிறது. சபை கூடுவதற்கு முந்தைய வாரம் தெருத்தெருவாக, குடியிருப்பு குடியிருப்பாகச் சின்னக் கூட்டங்களை நடத்துங்கள். மகளிர் குழுக் கூட்டம் ஏற்கெனவே நடக்கிறது, அதிலேயே கேளுங்கள். அங்கே வந்த குறைகளைத் தனி ஆளின் பெயரில் இல்லாமல் தெருவின் பெயரில், குழுவின் பெயரில் எழுதுங்கள். சபையில் குழுவின் பிரதிநிதி அதை வாசிக்கட்டும். மகாராஷ்டிரத்தில் பொதுக் கிராம சபைக்கு முன்பாகப் பெண்கள் மட்டும் கூடும் மகளிர் கிராம சபை சட்டப்படியே நடக்கிறது. கேரளத்தில் பழங்குடிக் குடியிருப்புகளுக்கென்று ஊருக்கூட்டம் தனியாக இருக்கிறது. வன உரிமைச் சட்டத்தின்படி மலைக் குடியிருப்பு அளவிலேயே கிராம சபை கூடலாம். உறுப்பினர்களில் பாதிப்பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று 2012-இல் திருத்தப்பட்ட அதன் விதிகள் சொல்கின்றன. நம் பொதுக் கிராம சபையின் குறைவெண் வரம்போடு இதை ஒப்பிடுங்கள். 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. அந்த முந்நூறு பேரும் ஒரே தெருவிலிருந்து வந்தாலும் கணக்கு நிறைந்துவிடும்.

தனித்தனியாகக் கூட்டினால் ஊர் பிரிந்துவிடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடும் கேட்கிறார்கள். ஊர் ஏற்கெனவே தெருவாரியாகப் பிரிந்துதான் இருக்கிறது. தனியாகக் கூடி, தன் பேச்சைத் தானே கேட்டுப் பார்த்து, “நமக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும் இந்தக் குறை இருக்கிறது” என்று தெரிந்துகொண்டு வருகிறவர்கள்தான் பொதுச் சபையில் சமமாக உட்கார முடியும். அந்தத் தயாரிப்பு மற்றவர்களுக்குத் திண்ணையிலும் டீக்கடையிலும் தினமும் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது இன்னொன்றைச் செய்து காட்டியது. பொதுக்கூட்டமாகத் தொடங்கி, பிறகு விவசாயம், குடிநீர், கல்வி, பெண்கள் நலம் என்று பொருள்வாரியாகக் குழுக்களாகப் பிரிந்து, பயிற்சி பெற்றவர்கள் ஒவ்வொரு குழுவோடும் உட்கார்ந்து, பேசியதை எழுதி, மீண்டும் பொதுக்கூட்டத்தில் வைத்தார்கள். முந்நூறு பேர் கூட்டத்தில் பேச முடியாதவர் பதினைந்து பேர் குழுவில் பேசுவார். பள்ளி வளாகத்தில் நான்கு வகுப்பறைகள் இருந்தால் நாமும் இதைச் செய்யலாம். கூடுதல் செலவு எதுவும் இல்லை.

மொழியையும் உடலையும் நாம் மறந்துவிடுகிறோம். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற ஊர்கள் உண்டு. நீலகிரியில் மலை ஏற ஏறப் பேச்சு மாறுகிறது. அங்கே அலுவலகத் தமிழில் ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு “தெரிவிக்கப்பட்டது” என்று எழுதுவது பொய். செவித்திறன் குறைந்தவர் இருந்தால் சைகைமொழி அறிந்த ஒருவரை அழைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் முடிவுகளைப் பலகையிலாவது எழுத வேண்டும். மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளில் நியமன உறுப்பினர்களாக்கும் சட்டமுன்வடிவைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. பெரிய முன்னேற்றம். அந்த உறுப்பினர் ஏறி வரச் சாய்தளம் இல்லாத கட்டடத்தில் கூட்டம் நடந்தால், அவருக்குக் கொடுத்தது பதவியின் பெயர் மட்டும்.

கடைசியாக, தீர்மானப் புத்தகம். எனக்கு இதைவிட முக்கியமான பொருள் அந்தச் சபையில் வேறெதுவும் இல்லை. பல ஊர்களில் தீர்மானங்கள் கூட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகின்றன. “ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது” என்ற வரியும் சேர்த்தே. கையெழுத்து மட்டும் பிறகு வாங்கப்படுகிறது. மூன்றாவது தெருவில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு அம்மா பத்து நிமிடம் பேசியிருப்பார். புத்தகத்தில் “குடிநீர் வழங்கல் குறித்து விவாதிக்கப்பட்டது” என்று ஒரு வரி இருக்கும். எந்தத் தெரு, எத்தனை நாளாக, யார் சரிசெய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எதுவும் இராது. அவர் பேச்சு தொலைந்தது அந்த ஒரு வரியில்தான்.

ஆகவே நடத்துகிறவர்களே, எழுதுகிற செயலர்களே, மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சொன்னவர் சொன்ன சொல்லிலேயே குறையை எழுதுங்கள். அவர் விரும்பாவிட்டால் பெயரை விட்டுவிடுங்கள், தெருவை விடாதீர்கள். கையெழுத்து வாங்குவதற்கு முன் எழுதியதைச் சபையில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதுதான் ஒரே பாதுகாப்பு. பதில் சொல்ல வேண்டிய அலுவலர் சபையில் இருந்தால், “ஆவன செய்யப்படும்” என்ற பதிலை ஏற்காதீர்கள். முடியும் என்றால் எந்தத் தேதிக்குள், முடியாது என்றால் ஏன், இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். “இது என் அதிகாரத்தில் இல்லை, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதுகிறேன்” என்பதும் நேர்மையான பதில்தான். முடியாது என்று காரணத்தோடு கேட்டவர் அடுத்த முறையும் வருவார். பதிலே கிடைக்காதவர் வர மாட்டார்.

அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாகப் போன கூட்டத்தின் குறைகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள். மூன்றாவது தெரு குடிநீர், என்ன ஆயிற்று? செயலர் சொல்லட்டும், பிறகு அந்தத் தெருக்காரர் சொல்லட்டும். இருவர் சொல்வதும் புத்தகத்தில் ஏறட்டும். இதற்குச் செயலர் இசையாவிட்டால், சபையில் இருக்கும் எந்த உறுப்பினரும் அதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். தீர்மானத்தின் நகல் தரப்படாவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். முப்பது நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். மகளிர் குழுக்களிடம் நான் தனியாகக் கேட்பது இதைத்தான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிறகு உங்கள் குழுவின் பெயரில் ஒரு நகல் வாங்கி, குழுவின் கணக்கு நோட்டோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அடுத்த சபைக்கு வரும்போது அதைக் கையோடு எடுத்து வாருங்கள்.